எழுபத்திரண்டு கிலோ நானூறு கிராம்

பத்மாவதி அக்காவோட எடையை ஆறு மாசமா எழுதுனது நாந்தானுங்க. மாசம் ஒருக்கா. ஆறு கட்டத்துலயும் ஒரே நம்பரு. எழுதி, கீழ கையெழுத்தும் போட்டிருக்கேன். இருவத்திரண்டு வருசம் நர்ஸ் வேலை பாத்தவளுக்கு அதுல ஒரு சந்தேகமும் வரலைன்னா என்னை என்னத்தைச் சொல்றது?

என்ற பேரு சாஜிதா பேகம். ஊடு உக்கடம். வேலை ஆர்.எஸ்.புரத்துல, முகத்துக்கு ஆபரேசன் பண்ற ஒரு ஆஸ்பத்திரில. தொங்கிப்போன கன்னத்தையும் தாடைச் சதையையும் காதுக்கு முன்னாடி கீறி, உள்ள இழுத்துத் தைக்கறது, மூக்கை நிமித்தறது, அதெல்லாம் அங்க பண்ணுவாங்க. எனக்கு வாய் ஜாஸ்தின்னு எங்க டாக்டர் வெங்கடபதியே சொல்லுவாரு. ஜாஸ்திதான், இல்லைன்னு சொல்லலை. கண்ணும் அதே அளவுக்கு வேலை செஞ்சிருந்தா இந்தக் கதையே இல்லைங்க.

பத்மாவதி அக்காவுக்கு ஊரு மேட்டுப்பாளையம். வயசு அம்பத்தாறு. ஊட்டுக்காரரு லட்சுமணசாமி அண்ணன் பாக்கு மண்டி வெச்சிருக்காரு. பேசறது, வாங்கறது, லாரி புடிக்கறது எல்லாம் அண்ணன். எடை மட்டும் அக்கா. காரமடை, சிறுமுகைப் பக்கமிருந்து மூட்டையோட வர்ற வெவசாயிங்க, "அம்மா போட்டாங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு, எடைச் சீட்டைப் பாக்காமயே மடிச்சு சட்டைச் சோப்புல வெச்சுக்குவாங்களாம்.

அதுக்குக் காரணம் இருக்குது. மண்டில கரண்டு தராசு வந்து பதினெட்டு வருசமாச்சு. ஆனா அக்கா தினம் காத்தால, மொத மூட்டை ஏறறதுக்கு முன்னாடி, சர்க்காரு முத்திரை குத்துன பழைய இரும்பு எடைக்கல்லை ஒண்ணொண்ணா அதுமேல வெச்சுப் பாப்பாங்க. ரெண்டு கிலோ வெச்சா ரெண்டு கிலோ காட்டோணும். பத்துக் கிராம் பிசகுனாலும் மிஷினை நிறுத்திப்போட்டு மெக்கானிக்குக்குப் போன் அடிச்சிருவாங்க. அன்னைக்கு மண்டி காத்துக்கிட்டுத்தான் கெடக்கோணும்.

அந்த அக்கா ஒரு காலத்துல நூத்தியொரு கிலோ இருந்தாங்க. முட்டி ரெண்டும் போச்சு, சக்கரை எல்லையைத் தொட்டு நின்னுச்சு. சக்கரை டாக்டரு வாரம் ஒரு ஊசி எழுதிக் குடுத்தாரு, வயித்துல தானே போட்டுக்கறது. அதைப் போட்டா பசி அடங்கீரும், தின்னது வயித்தை விட்டு மெதுவாத்தான் எறங்கும். ஒண்ணேகால் வருசத்துல இருவத்தெட்டுக் கிலோவுக்கு மேல எறங்கிப்போச்சு. முட்டி தேவலை, சக்கரை தேவலை. மூஞ்சி மட்டும் ஒத்துக்கலை. கன்னத்துல இருந்த கொழுப்புப் போயிருச்சு, தோலு அங்கயே நின்னுக்கிச்சு. கண்ணுக்குக் கீழ குழி, தாடைக்கு ரெண்டு பக்கமும் தொங்கல், கழுத்துல மடிப்பு. நடையில நாப்பது வயசு, மூஞ்சில எழுவது.

நம்மூருல இளைச்சவங்களைப் பாத்து யாராவது "நல்லாயிருக்கீங்க"ன்னு சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா? "ஏனுங்க, சக்கரைங்களா?"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. இல்லைன்னா இன்னும் மோசம். கிட்ட வந்து, கொரலை எறக்கி, "வேற ஏதாச்சுங்களா?"ன்னு கேப்பாங்க. பாக்கு கொண்டுவர்ற வெவசாயிங்க கூடவே ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவர ஆரம்பிச்சுட்டாங்க.

"பதினாலு பாட்டலு அம்மணி," அக்கா மொத நாளு என்கிட்டச் சொன்னாங்க. "ஒரு மெடிக்கல் சாப்பே வெச்சிருக்கலாம்."

சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாங்க. அடுத்ததைச் சொல்றப்ப சிரிக்கலை. அன்னூருல ஒரு கல்யாணம். பந்தில எலைக்குக் காத்துக்கிட்டு நின்னிருக்காங்க. முன்னாடி லட்சுமணசாமி அண்ணன். சொந்தக்காரரு ஒருத்தரு அண்ணன் கையைப் புடிச்சு, "இருக்கற வரைக்கும் நல்லபடியாப் பாத்துக்கோங்க மாப்ளே"ன்னிருக்காரு. அக்கா ரெண்டடி பின்னால நிக்கறாங்க.

"என்ற காதுபடவே எனக்குக் கருமாதி பேசறாங்க கண்ணு. நான் கல்லாட்டம் நிக்கறேன். இந்த மூஞ்சி இருக்கற வரைக்கும் என்னை யாரும் உசுரோட விடமாட்டாங்க. இதைச் சரி பண்ணிக் குடுக்கச் சொல்லு, அது போதும் எனக்கு."

அது தை மாசம். அன்னைக்கு எடை எழுபத்திரண்டு கிலோ நானூறு கிராம். அது நெசமான எடை.

டாக்டரு பொறுமையா எடுத்துச் சொன்னாரு. "அளவு நிக்காத உடம்புக்கு ஜாக்கெட்டு தைக்க முடியுங்களாம்மா? அது மாதிரிதான். எடை எறங்கிக்கிட்டே இருக்கறப்ப முகத்தை இழுத்துத் தைச்சா, அப்புறம் எட்டுப் பத்துக் கிலோ எறங்குனதும் மறுபடி தொங்கிரும். ஏறுனாலும் தையல் இழுபடும். மொதல்ல எடை நிக்கோணும். சக்கரை டாக்டர்கிட்ட ஊசியைப் பத்திப் பேசுங்க. ஆறு மாசம் இந்த எடை அப்படியே நின்னுச்சுன்னா ஆபரேசன் பண்ணிரலாம்."

'அப்படியே'ன்னு அவரு சொன்னது ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ முன்னப்பின்ன இருக்கலாம்ங்கற கணக்குல. எங்க பாசையில அது அப்படித்தான். மண்டிப் பாசையில 'அப்படியே'ன்னா அப்படியேதான், கிராம் மாறாம. அக்கா அதை அப்படித்தான் எடுத்துக்கிட்டாங்க. எங்களுக்கு அது தெரியலை.

அப்புறம் மாசாமாசம் வந்தாங்க. மாசி, பங்குனி, சித்திரை. மெதுவா நடந்து வருவாங்க. முட்டி மறுபடி வலிக்குது போலன்னு நான் கையைப் புடிச்சு மிஷின்ல ஏத்திவிடுவேன். சேலையை மாத்தி, ஆஸ்பத்திரிக் கவுன் போட்டுத்தான் எடை பாக்கோணும்ங்கறது எங்க சட்டம். பெரிய மனுசி, மேட்டுப்பாளையத்துலருந்து பஸ் ஏறி வர்றாங்க, இதுக்கு ஒருக்கா சேலையை அவுத்துக் கட்டோணுமான்னு நான் விட்டுட்டேன். "செருப்பை மட்டும் கழட்டுங்கக்கா" ன்னேன். மரியாதையாமா, மரியாதை! அந்த மரியாதையைத் தூக்கி அடுப்புல போடோணும்.

வைகாசில டாக்டரு போட்டோவையெல்லாம் வரிசையா வெச்சுப் பாத்துப்போட்டு நெத்தியைச் சுருக்குனாரு. "சிஸ்டர், தை மாசத்துக்கும் இப்பைக்கும் தொங்கல் ஜாஸ்தியாத் தெரியுதே. எடை என்ன?"

"அதே எடைதானுங்க சார்," ன்னேன். ஃபைலைக்கூடத் திறக்கலை.

ஆனிக் கடைசில தேதி குறிச்சாங்க. ஆடி பொறக்கறதுக்கு முன்னாடி முடிச்சிரோணும்னு அக்காவுக்கு ஒரே புடிவாதம். மயக்க மருந்து குடுக்கற டாக்டரு முந்துன வாரமே கேட்டாரு, "அந்த ஊசி இன்னும் போடறீங்களாம்மா?"ன்னு. "நிறுத்திப்போட்டு மாசக்கணக்காச்சுங்க"ன்னாங்க அக்கா. எடை நிக்குதே, வேற யாரு சந்தேகப்படறது?

ஆபரேசன் அன்னைக்குக் காத்தால ஆறரைக்கு வந்துட்டாங்க. சேலையோடயே மிஷின்ல ஏத்தி, ஆனி மாச எடையையும் எழுதிட்டேன். அண்ணன் வராண்டாவுல பெஞ்சுல உக்காந்துக்கிட்டாரு. அக்கா ரூமுக்குள்ள போயி, கதவைச் சாத்தி, தானே கவுன் போட்டுக்கிட்டு வெளிய வந்தாங்க. கையில ஜிப்பு வெச்ச பை ஒண்ணு.

"இதை அவருகிட்டக் குடுக்காத அம்மணி. உன்றகிட்டயே இருக்கட்டும்."

வாங்குனேன். தோளு ஒரு பக்கமா எறங்கிப்போச்சு. "என்னக்கா இது, பாக்கு மூட்டையைத் தூக்கியாந்துட்டீங்களா?"

வழக்கமா என்ற லொள்ளுக்குச் சிரிக்கற ஆளு. அன்னைக்குச் சிரிக்கலை. "சித்த வெரசலா உள்ள கூட்டிட்டுப் போகச் சொல்லு"ன்னாங்க. கை சில்லுனு இருந்துச்சு. பயமா இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். அக்காவை ஸ்ட்ரெச்சர்ல வெச்சு தியேட்டருக்குள்ள தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க.

நான் பையை லாக்கருல வெச்சேன். டங்குனு ஒரு சத்தம்.

சேலையும் சீப்பும் அந்தச் சத்தம் போடாதுங்க. அடுத்தவங்க பையைத் தொறக்கறது தப்பு, தெரியும். தொறந்தேன். மடிச்ச சேலைக்கு அடியில காடாத் துணில தைச்ச ஒரு பட்டை, இடுப்புல கட்டறது. அதுல வரிசையா பை வெச்சுத் தைச்சிருக்குது. ஒவ்வொரு பைக்குள்ளயும் ஒரு இரும்புக் கல்லு. ரெண்டு கிலோ ரெண்டு, ஒரு கிலோ மூணு, அரைக்கிலோ ரெண்டு, இருநூறு ஒண்ணு, நூறு ஒண்ணு. எல்லாத்துலயும் சர்க்காரு முத்திரை.

மனசுக்குள்ளயே கூட்டுனேன். எட்டுக் கிலோ முந்நூறு கிராம்.

யா அல்லா! ஃபைலைத் தொறந்தேன். 72.4. 72.4. 72.4. 72.4. 72.4. 72.4. ஆறும் என்ற கையெழுத்துல. எந்த மனுசனுக்குங்க ஆறு மாசமும் நூறு கிராம்கூட மாறாம எடை நிக்கும்? காத்தால ஒண்ணு காட்டும், காப்பி குடிச்சா ஒண்ணு காட்டும். என்ற எடையே திங்கக்கெழமைக்கும் வெள்ளிக்கெழமைக்கும் அரைக்கிலோ வித்தியாசப்படும். வேற யாராவது ஏமாத்தியிருந்தா குத்துமதிப்பா ஏமாத்தியிருப்பாங்க, ஒரு மாசம் கூட, ஒரு மாசம் குறைய. இது காலம் பூராத் தராசோட நின்ன கை. மண்டி மிஷின்ல ஏறி நின்னு, எவ்வளவு குறையுதோ அதுக்குச் சரியாக் கல்லு வெச்சுக் கட்டிக்கிட்டு வந்திருக்குது. பொய்யைக்கூட கிராம் பிசகாமச் சொல்லியிருக்குது. அதுலயே நான் கண்டுபுடிச்சிருக்கோணும்.

அப்பத்தான் எனக்கு இன்னொண்ணு ஒறைச்சுது. எட்டுக் கிலோ எறங்கியிருக்குதுன்னா ஊசி நிக்கலை. ஊசி நிக்கலைன்னா வயிறு காலியா இருக்காது. ராத்திரியிலிருந்து பட்டினி கெடந்தாலும் முந்துன நாளு சோறு உள்ளயே நிக்கும். மயக்கத்துல அது மேல ஏறி மூச்சுக் கொழாய்க்குள்ள போச்சுன்னா அப்புறம் மூஞ்சி எதுக்கு, ஆபரேசன் எதுக்கு? மருந்தளவும் எழுபத்திரண்டு கிலோவுக்குத்தான் போட்டு வெச்சிருக்காங்க.

மறைக்காமச் சொல்றேன். ஒரு நிமிசம், பையை மூடிப்போட்டு சும்மா இருந்தரலாமான்னு தோணுச்சு. ஆறு கையெழுத்து என்றது. வேலை போயிரும். அதோட, நான் வாயைத் தொறந்தா அக்காவோட ஆறு மாசக் காத்திருப்பு அவ்வளவுதான். எதுவும் ஆகாமக்கூடப் போகலாம். அப்படி நெனச்ச அந்த ஒரு நிமிசத்துக்கு இன்னைக்கும் எனக்கு என்மேலயே கோவம் வருது.

பையைத் தூக்கிக்கிட்டு ஓடுனேன்.

உள்ள மூக்குமேல மாஸ்க் வெச்சாச்சு. மயக்க டாக்டரு கையில ஊசி. "சார், நிறுத்துங்க!"ன்னு நான் போட்ட சத்தத்துல அவரு திடுக்குனு திரும்புனாரு. அக்கா கண்ணு என்மேல, அப்புறம் என்ற கையில இருந்த பை மேல. எல்லாம் புரிஞ்சுபோச்சு அவங்களுக்கு.

"அக்கா, கடேசியா ஊசி எப்பப் போட்டீங்க?"

அக்கா கண்ணை மூடிக்கிட்டாங்க.

"அக்கா, கேக்கறேனில்ல? எப்ப?"

மாஸ்குக்குள்ளருந்து முனகலா வந்துச்சு. "முன்னாநேத்து."

மயக்க டாக்டரு ஊசியைத் தட்டுல வெச்சாரு. ஸ்கேன் மிஷினை இழுத்து வயித்துமேல வெச்சுப் பாத்தாரு. திரையில எனக்கே தெரிஞ்சுது.

"நேத்து மத்தியானம் தின்ன சோறு அப்படியே நிக்குது,"ன்னாரு.

அதே வார்த்தை. இந்தவாட்டி நெசமாவே அப்படியே.

கையைக் கழுவிப்போட்டு உள்ள வந்த டாக்டர் வெங்கடபதி எல்லார் மூஞ்சியையும் பாத்தாரு. "யாரு எடை பாத்தது?"

"நாந்தானுங்க சார். கவுன் போட வெக்கலை. தப்பு என்றதுதான்."

அக்காவை எறக்கி, மிஷின்ல நிக்க வெச்சோம். அறுவத்திநாலு கிலோ நூறு. நான் கூட்டுன கணக்கு சரியா இருந்துச்சு.

ரூமுக்குத் திரும்பக் கொண்டுவந்ததும் அக்கா என்மேல பாஞ்சாங்க. "உன்னை நம்பித்தானடி பையைக் குடுத்தேன்! பாவி! இன்னும் பத்து நிமிசம், பத்தே நிமிசம் நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாது?"

எனக்கும் தலைக்கு ஏறிருச்சு. "என்னை நம்பியா? ஆறு மாசமா என்ற கையாலயே பொய் எழுத வெச்சுப்போட்டு, நம்பிக்கையைப் பத்தி நீங்க பேசறீங்களா?"

"நான் கூட்டித்தான காட்டுனேன்? ஒருத்தருக்காவது குறைச்சனா? யாருக்கு நட்டம்?"

"யாருக்கா? அன்னூருல அந்தாளு சொன்னது இன்னைக்கு நெசமாயிருக்கும். மெய்யாலுமே கருமாதி நடந்திருக்குங்க்கா!"

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிப்போட்டேன். அக்கா அப்படியே கட்டில்ல உக்காந்துட்டாங்க. சத்தமே இல்லாம அழுதாங்க.

"நிறுத்திப் பாத்தேன் கண்ணு. மாசில மூணு வாரம் நிறுத்துனேன். பசி வந்துச்சு பாரு, அந்தப் பசியை நீ பாத்ததில்லை. ரெண்டு கிலோ ஏறிருச்சு. மறுபடி நூத்தியொண்ணுக்குப் போயிருவனோன்னு பயந்துபோயி ஊசியை எடுத்தேன். எடுத்தா எறங்குது, விட்டா ஏறுது. அப்படியே நிக்கோணும்னா நான் என்னதான் பண்றது?"

ஒரு கிலோ முன்னப்பின்ன இருக்கலாம்னு யாரும் அவங்ககிட்டச் சொல்லவே இல்லைன்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. டாக்டரும் அதைக் கேட்டுக்கிட்டுத்தான் நின்னாரு. திட்ட வந்தவரு திட்டாமப் போயிட்டாரு.

அண்ணனை உள்ள கூப்பிட்டோம். மேசைமேல இருந்த கல்லைப் பாத்ததும் அவருக்கு மூஞ்சி மாறிப்போச்சு. ஒண்ணை எடுத்து முத்திரையைத் தடவிப் பாத்தாரு.

"நம்ம மண்டிக் கல்லு," ன்னாரு மெதுவா. "ஏனுங்க சிஸ்டர், மாசத்துல ஒரு நாளு 'கல்லைக் காணோம்'பா இவ. அன்னைக்கு மூட்டையே ஏத்தவிடமாட்டா. வெவசாயிங்களை நாளைக்கு வாங்கன்னு திருப்பி அனுப்பிருவா. மிஷின் நல்லாத்தான இருக்குது, ஒரு நாளைக்குப் போட்டா என்னன்னு கேட்டேன். 'கல்லு வெச்சுப் பாக்காம எவன் ஊட்டுப் பாக்கையும் நிறுக்கமாட்டேன்'னா. இங்கதான் இருந்துச்சா இது?"

அக்கா தலையை நிமித்தவே இல்லை. ஊருக்கெல்லாம் அவ்வளவு பாத்தவங்க, தன்னைப் பத்தி ஒரு நிமிசம் பாக்கலையேன்னு எனக்கு மனசு தாங்கலை. என்ற கோவமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியலை. பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவிக் குடுத்தேன். தட்டிவிடலை.

எனக்கு ஆஸ்பத்திரில எழுத்துமூலமா ஒரு எச்சரிக்கை வந்துச்சு. நியாயந்தான். டாக்டரு சக்கரை டாக்டர்கிட்டப் பேசி, ஊசியோட அளவைக் குறைச்சு, சாப்பாட்டை மாத்தி எழுதி, மறுபடி ஆறு மாசம்னாரு. அக்கா இனி வரமாட்டாங்கன்னுதான் நெனச்சேன். ஆடி மாசம் வந்து நின்னாங்க. எங்கிட்டப் பேசலை. கவுனை நீட்டுனேன், வாங்கிக்கிட்டுப் போயி மாத்திக்கிட்டு வந்தாங்க. 64.6.

ஆவணில 65.2. புரட்டாசில 64.3. ஐப்பசில 65. ஒவ்வொரு மாசமும் நம்பரைப் பாத்ததும் மூஞ்சி செத்துரும். "போச்சா?"ம்பாங்க. "ஒண்ணும் போகலை, ஒரு கிலோ ஆடலாம்"பேன். நம்பமாட்டாங்க. கார்த்திகைலதான் மறுபடி என்னை அம்மணின்னு கூப்பிட்டாங்க.

தை பொறந்ததும் தேதி. அதே ஆறரை மணி, அதே பெஞ்சுல அண்ணன். அக்கா கவுன் போட்டுக்கிட்டு வந்து பையை நீட்டுனாங்க. "தூக்கிப் பாரு."

தூக்கிப் பாத்தேன். ஒரு சேலையும், ஒரு சின்னக் கண்ணாடியுந்தான்.

மயக்க டாக்டரு ஸ்கேன் வெச்சு, வயிறு காலின்னு சொல்லிப்போட்டாரு. கடேசியா எடை. மிஷின்ல ஏறுனாங்க. 64.9.

"மார்கழில அறுவத்திநாலரைதான? நானூறு கிராம் கூடிருச்சே!" அக்கா கையைப் பதறிப் புடிச்சுக்கிட்டாங்க. "உன்ற மிஷின் சரியில்லை அம்மணி. கல்லு வெச்சுப் பாத்தியா? எறங்கி மறுபடி ஏறட்டுமா? டாக்டரு வேண்டாம்னு சொல்லிருவாரா?"

"மிஷின் சரியாத்தான் இருக்குது. சும்மா நில்லுங்க்கா."

"அப்புறம் எதுக்கு இப்படி ஆடுது?"

"உசுரோட இருக்கறவங்க எடை ஆடத்தானுங்க்கா செய்யும். கல்லுதான் ஆடாது."

அக்கா என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க. அந்தத் தொங்குன கன்னம் ரெண்டும் துடிச்சுது. அழறாங்களோன்னு பாத்தா, சிரிக்கறாங்க.

"எழுது அம்மணி"ன்னாங்க. "இருக்கறதை எழுது."

எழுதி, கையெழுத்துப் போட்டேன்.